மலையகத்தில் குரல் பதிவுக்கு வெளி ப்ரீஆம்ப்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

காமன் கூத்தில் தப்புப் பறை முழங்கும்போது கையடக்க ரெக்கோடரின் இரைச்சல் யாருக்கும் கேட்காது. தோட்டத்து லயன் அறையில் வயதான அம்மாயி தாழ்ந்த குரலில் பாடும் தாலாட்டைப் பதியும்போதுதான் அந்த 'உஸ்' பாட்டுக்கு மேலே வந்து நிற்கும். அதைக் குறைக்கத்தான் வெளி ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் மெல்லிய சமிக்ஞையை ரெக்கோடருக்கு முன்பே பெருக்கும் தனிக் கருவி. ஆனால் எல்லா மைக்குக்கும் அது உதவாது.

ஸூம் எச்5 ரெக்கோடரின் உள்ளீட்டு இரைச்சல் -120 டிபியூ (மின் சமிக்ஞையின் அளவு; எண் எவ்வளவு கீழே போகிறதோ இரைச்சல் அவ்வளவு குறைவு). ரோட் என்டிஜி2 மைக்கின் சொந்த இரைச்சல் 18 டெசிபல். மின்னளவில் அது ஏறக்குறைய -110 டிபியூ. மைக்கே ரெக்கோடரைவிட 10 டெசிபல் கூடுதலாக இரைவதால், -128 டிபியூ ப்ரீஆம்பைப் பூட்டினாலும் காதுக்கு எதுவும் மாறாது. 5 டெசிபல் மட்டுமே இரையும் ரோட் என்டி1-ஏ என்றால் 2 டெசிபல் அளவு குறையும். முழுப் பலன், மின்சாரம் கேட்காத ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கில்தான். அதன் வெளியீடு பாஸ்கலுக்கு 1.85 மில்லிவோல்ட்தான், ரெக்கோடரின் கெய்னை (பெருக்க அளவை) கடைசிவரை திருப்ப வேண்டிவரும். அங்கே 7, 8 டெசிபல் இரைச்சல் இறங்கும். தாலாட்டின் மூச்சு இடைவெளிகளில் இது நன்றாகவே கேட்கும்.

நுவரெலியாப் பக்க மூடுபனியில் என்டிஜி2, என்டி1-ஏ போன்ற, மின்சாரம் வேண்டிய கண்டென்சர் மைக்குகள் பொரியத் தொடங்கும். டைனமிக் மைக் அசையாது. ஆகவே இங்கே வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

இணைப்பில்தான் அதிகம் பிழை வரும். ப்ரீஆம்பின் வெளியீட்டை, ஏற்கெனவே பெருக்கிய சமிக்ஞைக்கான ரெக்கோடரின் லைன் உள்ளீட்டுக்கே கொடுக்க வேண்டும். மைக் உள்ளீட்டில் கொடுத்தால் பழைய இரைச்சலும் சேர்ந்து வரும். சில மலிவான ரெக்கோடர்களில் லைன் உள்ளீடும் அதே மைக் சுற்றுக்குள்தான் போகிறது. சோதிக்க, ப்ரீஆம்பின் கெய்னை முழுதாக இறக்கிவிட்டு ரெக்கோடரை வழக்கமான லெவலில் வைத்துப் பதியுங்கள். அப்போதும் 'உஸ்' பலமாக இருந்தால் அது ரெக்கோடருடையது, ப்ரீஆம்ப் அதைத் தீர்க்காது.

மூன்று முனை எக்ஸ்எல்ஆர் பிளக்கிலிருந்து 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக்குக்குக் கேபிள் செய்யும்போது, 2ஆம் முனையை இடது, வலது இரண்டுக்கும், 1ஆம் முனையை உறைக்கும் கொடுங்கள். ட்ரான்ஸ்போமர் வெளியீடு என்றால் 3ஆம் முனையும் 1உடன் சேர வேண்டும். மின்னணுச் சமநிலை வெளியீட்டில் பெரும்பாலும் அதைத் தனியே விடுவது பாதுகாப்பு. 2ஐ இடதுக்கும் 3ஐ வலதுக்கும் கொடுத்த கேபிள் மிகவும் மோசம், இரண்டிலும் வருவது எதிரெதிர் அலைகள்: ஹெட்ஃபோனில் குரல் விசாலமாகக் கேட்கும், ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டதும் குரலே காணாமல் போகும். களத்தில் ஹெட்ஃபோனை மட்டும் நம்பாமல் மோனோவிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ப்ரீஆம்பைப் பூட்டும்போது, ரெக்கோடர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரமான 48 வோல்ட், பிளக்-இன் பவர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

லெவலுக்கு, ப்ரீஆம்பின் 1 கிலோஹேர்ட்ஸ் டோனை அனுப்பி ரெக்கோடரின் மீட்டரை -20 டெசிபலில் நிறுத்திவிட்டு, அதன்பின் ப்ரீஆம்பை மட்டும் திருப்புங்கள். உச்சம் -12ஐ ஒட்டி இருந்தால் போதும். அலைவடிவத்தின் தலை 0வைத் தொடுமுன்பே தட்டையானால், லைன் உள்ளீடு தாங்கவில்லை என்று அர்த்தம். இடையில் 10 அல்லது 20 டெசிபல் பேட் (சமிக்ஞையைக் குறைக்கும் இணைப்பு) போடுங்கள். தப்புப் பறைக்கு ப்ரீஆம்பின் அனலொக் லிமிட்டர் மிக நல்லது: டிஜிட்டலாக மாறுமுன்பே உச்சத்தைப் பிடித்துவிடும்.

புதிதாக வாங்குபவருக்கு இத்தனை பாடு தேவையில்லை. 2022இல் வந்த ஸூம் எஃப்3 ரெக்கோடர் -127 டிபியூ இரைச்சலுடன், லெவலைப் பின்னரும் சரிசெய்ய விடும் 32-பிட் ஃப்ளோட்டில் பதிகிறது. பழைய ரெக்கோடரும் டைனமிக் மைக்கும் கையில் இருந்தால், மைக் கேபிளின் இடையில் பூட்டும், ஃபெட்ஹெட் போன்ற 27 டெசிபல் இன்லைன் பூஸ்டரே எங்கள் தெரிவு. தனிப் பெட்டரி வேண்டாம், கேபிள் குழப்பமும் இல்லை. ரெக்கோடரின் 48 வோல்ட் மட்டும் போட வேண்டும். அந்த 48 வோல்டை அது மைக்குக்குக் கடத்தாது, ஆகவே கண்டென்சருக்கு உதவாது.

பதியும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், 50 ஹேர்ட்ஸ் முனகல் பெரும்பாலும் அதோடு போய்விடும். தை மாதக் குளிரில் வெளியே இருந்த கருவியை அடுப்பெரியும் அறைக்குள் உடனே திறக்கக் கூடாது, உள்ளே நீர் படியும். வாய் கட்டிய பொலித்தீன் பையில், அறைச் சூட்டுக்கு வரும்வரை வைத்திருங்கள். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் அதை மாற்றிவிடுங்கள்.