பிளாக்லிஸ்ட் சோதனை: பதிலாக வரும் எண்ணைப் படியுங்கள்

அனுப்பும் மெயில் திரும்பி வந்தால், ஸ்பாம் அனுப்பும் ஐபிகளின் பட்டியலில் (பிளாக்லிஸ்ட்) நம் சர்வர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் ஐபியைக் கொடுத்தால் ஐம்பது அறுபது பட்டியல்களைப் பார்த்து, பச்சை, சிவப்பு என்று காட்டும் தளங்கள் அவசரத்துக்கு நல்லவை. தினமும் மெயில் சர்வர் பார்ப்பவருக்கு அது போதாது. டெர்மினலில், டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் டிக் (dig) கட்டளையே மேல்.

ஐபியின் நான்கு எண்களையும் தலைகீழாக எழுதி, பட்டியலின் பெயரைப் பின்னால் ஒட்ட வேண்டும். ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியலில் 192.0.2.45-ஐத் தேட, 45.2.0.192.ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க் (zen.spamhaus.org). பதில் வராவிட்டால் ஐபி பட்டியலில் இல்லை. வந்தால் எண்தான் விஷயம்; ஸ்பாம்ஹாஸின் எந்த உட்பட்டியலில் ஐபி இருக்கிறது என்று அது சொல்லும். 127.0.0.4 எக்ஸ்பிஎல்: உள்ளே மால்வேரோ திறந்த ப்ராக்ஸியோ இருக்கிறது. பல நேரம் தவறு சர்வரில் இருக்காது; அதே பொது ஐபி வழியாக வெளியே போகும் ஏதோ ஒரு கணினியில் இருக்கும். ரூட்டரில் மெயில் சர்வருக்கு மட்டும், மெயில் வெளியே போகும் போர்ட் 25 திறந்திருக்கட்டும், மற்ற கணினிகளுக்கு அதை அடைத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் நீக்கக் கோரினால், மறுபடி ஏறிவிடும். 127.0.0.3 சிஎஸ்எஸ் வந்தால் ஹெலோ பெயர், அதாவது மெயில் கொடுக்கும்போது சர்வர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர், 'லோக்கல்ஹோஸ்ட்' என்று போகிறதா பாருங்கள். 10, 11 என்று முடிந்தால் பிபிஎல். அது குற்றச்சாட்டே அல்ல, நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபி வரம்பு என்று பொருள்.

பலர் சறுக்குவது 127.255.255.254 என்ற பதிலில். கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டதால் வரும் மறுப்பு அது. 'பதில் வந்தாலே மாட்டிக்கொண்டோம்' என்று எழுதிய ஸ்கிரிப்ட் வீணாக அலறும். சர்வரிலேயே அன்பவுண்ட் (Unbound) என்ற சொந்த ரிசால்வரை நிறுவிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில், சோதனைக்கென்றே உள்ள 2.0.0.127-ஐப் பட்டியல் பெயரோடு கேட்பது நல்லது: அது 'உண்டு' என்றும், 1.0.0.127 'இல்லை' என்றும் வந்தால்தான் சோதனையை நம்பலாம். 2021 ஜனவரி இறுதியில் ஸ்பாம்காப் என்ற இன்னொரு பட்டியலின் டொமைன் காலாவதியானபோது, எந்த ஐபியைக் கேட்டாலும் 'உண்டு' என்றே வந்தது.

பட்டியல்களையும் அவ்வப்போது களையெடுங்கள். சோர்ப்ஸ் என்ற பழைய பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. யூசிஇப்ரொடெக்ட் லெவல் 3 என்ற பட்டியல் ஹோஸ்டிங் நிறுவனத்தின் மொத்த நெட்வொர்க்கையே பட்டியலிடும். அதற்காகக் காசு கட்டி நீக்கவேண்டியதில்லை. ஸ்பாம்காப் புகார் நின்றால் 24 மணி நேரத்தில் தானே விடுவிக்கும்.

எல்லாம் பச்சையாக இருந்தும் ஜிமெயில், அவுட்லுக் திருப்பி அனுப்பினால், எந்த ஐபி நல்லது, எது கெட்டது என்று அவை தாமே தனியாகக் கணக்கு வைத்திருக்கின்றன. வெளியில் தேடிப் பயனில்லை. மெயில் லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) 550 என்று தொடங்கும் மறுப்புப் பதிலை முழுதாகப் படியுங்கள்.