ஊரில் தொக்கணம்: கண் கலங்கியதும் கை வேகமெடுத்தது

தோள்பட்டையை நீவும்போது ஒருவருக்குக் கண்ணீர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது, நாகர்கோவிலில் ஒரு சிகிச்சை நிலையத்தில் தொக்கணம் என்கிற சித்த மருத்துவ மசாஜ் போட்டவருக்குத் தெரியவில்லை. வலி என்று எடுத்துக்கொண்டார். “நரம்பு பிடிச்சிருக்கு, இப்ப எடுத்துரலாம்” என்று கட்டைவிரலை இன்னும் ஆழமாக இறக்கினார். தோள் காதுவரை ஏறியது, மூச்சு நின்றது. அதுவரை தளர்ந்துகொண்டே வந்த உடம்பு நொடியில் இறுகிப்போனது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் எண்ணெய்க்குத்தான் கேடு.

நீவுகிற கை மெதுவாக ஓட வேண்டும். இதமான தொடுகையை உணர்வதற்கென்றே தோலில் மெல்லிய நரம்பிழைகள் உண்டு. வெதுவெதுப்பான கை நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும்போதுதான் அவை நன்றாக வேலை செய்யும்; 3 சென்டிமீட்டர் என்பது நல்ல கணக்கு. இறுக்கிப் பிடித்திருந்த மூச்சு அப்போது கீழே இறங்கும். அடக்கி வைத்த அழுகையும் சிலருக்குக் கூடவே வரும். அது கோளாறே இல்லை. அந்த நேரத்தில் கையைச் சட்டென்று எடுக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. இருந்த இடத்திலேயே பாரத்தைக் குறைத்து நிறுத்தி, “கை இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?” என்று தணிந்த குரலில் கேட்டால் போதும். காரணத்தைத் துருவ வேண்டாம். மூச்சு மறுபடி வயிறுவரை போகத் தொடங்கிய பிறகு, பாதத்திலிருந்து மெல்லத் தொடரலாம்.

இதுவே கனடாவின் டொராண்டோவாக இருந்தால், பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர் ஒப்புதல் வாங்காமல் கை வைக்க மாட்டார். அழுத்தம் சரியா என்று நடுநடுவே கேட்பார். ஆனால் அங்கே தொக்கணத்துக்கு எங்கே போவது? தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொன்ன மரபு. உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொட்டுச் செய்கிற வர்ம வைத்தியத்தில், அழுத்தும் விசையையே கால், அரை, முக்கால், ஒரு மாத்திரை என்ற அளவுகளால் அளந்து வைத்திருக்கிறார்கள். அழுத்தல் அந்த ஒன்பதில் ஒன்று, அவ்வளவுதான். இத்தனை நுணுக்கம் இருக்கிற ஊரில் “நல்லா அழுத்தினாத்தான் கேக்கும்” என்கிற பேச்சைக் கேட்டால் ஆற்றாமையாக இருக்கிறது.

எண்ணெயை அடுப்பில் நேராகக் காய்ச்சாமல் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கியிருந்தார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின் அதே வாசம். அந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. முடிந்த கையோடு “எந்திரிங்க” என்றதுதான் அடுத்த தவறு. தளர்ந்த உடம்பு திடீரென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கால் மணி நேரம் போர்த்திப் படுத்திருந்து, ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே எழ வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வியையும் யாரும் கேட்கவில்லை: விமானத்திலிருந்து இறங்கி எத்தனை நாள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நெடுநேரம் உட்கார்ந்து வந்தபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அங்கே யாரும் கை வைக்கவே கூடாது. உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். அப்படி வீக்கம் இருந்தால் தொக்கணத்தை விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.