ஜெம் தளத்தின் தலைகீழ் ஏலம்: பேட்டைப் பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

திருநெல்வேலி பேட்டையில் இரும்பு பீரோவும் மேசையும் செய்து மத்திய அரசு அலுவலகங்களுக்கு விற்பவன் என்ற முறையில், 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஜெம் என்னும் அரசு மின்சந்தையின் தலைகீழ் ஏல வசதியைப் பற்றி எழுதுகிறேன். விற்பவர்கள் போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொண்டே வர, மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர் போகும் முறை இது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பொருள்களை ஆன்லைன் ஒப்பந்தப்புள்ளி அல்லது தலைகீழ் ஏலம் வழியாக வாங்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் கூறுவதால், எங்களைப் போன்றோர் இதைத் தவிர்க்க இயலாது. தவிர்க்க வேண்டியதும் இல்லை.

முதலில் விலைப்புள்ளி கொடுத்து, தொழில்நுட்பத் தகுதியில் தேறியவர்களே ஏலத்துக்கு வருகிறார்கள். திரையில் அப்போதைய குறைந்த விலை தெரியும், அதைக் கேட்டவர் யாரென்று தெரியாது. பெட்டியில் உறை போடும் நாளில் அலுவலக வாசலிலேயே நாலு பேர் கூடி விலையைப் பேசி முடிக்கும் பழைய வழக்கத்துக்கு இந்த மறைப்பு பெரிய தடை என்பதால், இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உதயம் என்னும் சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளர்களுக்கு, போட்டியில் சேரக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையில் விலக்கு உண்டு. நம் விலை மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவந்து ஆர்டரில் ஒரு பகுதியைப் பெறவும் அரசின் கொள்முதல் கொள்கையில் இடம் இருக்கிறது.

குறை ஏலத்தில் இல்லை, விவரக்குறிப்பில்தான் இருக்கிறது. அச்சுத்தாள் போன்ற பொருளுக்கு எடையும் அளவும் எழுதிவிட்டால் போதும். யார் கொடுத்தாலும் ஒன்றுதான். பீரோவுக்குத் தகட்டின் கனத்தை எழுதாமல் ஏலம் விட்டால், 0.9 மில்லிமீட்டர் தகட்டுக்குக் கணக்குப் போட்டவர் 0.7 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டவரிடம் தோற்பது உறுதி, ஏனெனில் அங்கே தகட்டு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. அப்படி வாங்கிய ஓர் அலுவலகத்தின் பீரோவைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். கதவின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்புகிறது. கோப்புகள் அடுக்கிய தட்டு நடுவில் தொய்ந்து, கீழ்த்தட்டுக் கோப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கொடுத்த குறைந்த விலையை மிச்சம் என்று என்னால் சொல்ல முடியாது.

விற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சரக்கை இறக்கிக் கொடுக்கும் செலவும் வரியும் விலைக்குள்ளேயே அடக்கம் என்பதால், கூடங்குளத்துக்கோ மகேந்திரகிரிக்கோ போகும் வண்டி வாடகையைச் சேர்த்து, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற தொகையை ஏலத்துக்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் விலையைக் குறைத்தால் ஏல நேரம் தானாக நீளும். அந்த வேகத்தில் கணக்கு நிற்காது.

வாங்கும் அலுவலர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தகட்டின் கனத்தை விவரக்குறிப்பில் எழுதுங்கள். சரக்கு வந்ததும், ஏற்புச் சான்று தருவதற்கு முன், மைக்ரோமீட்டர் வைத்துக் கதவின் ஓரத்தை அளந்து பாருங்கள். பெயிண்டின் கனத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அதில் சிரமம் எதுவும் இல்லை.