90 செமீ ஆக்டா சாஃப்ட்பாக்ஸ், இன்டர்வியூ எடுக்கறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

வயசானவங்க வீட்டுக்கே போய் உக்கார வச்சு பேச வச்சு வீடியோ எடுக்கறதுதான் என் வேலைல பெரும்பங்கு, அதுக்காக வாங்கினதுதான் இந்த சாஃப்ட்பாக்ஸ், லைட்டுக்கு முன்னாடி மாட்டி வெளிச்சத்த மென்மையாக்குற துணிப் பெட்டி. எட்டு மூலை, 90 செமீ அகலம், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு வெளிச்சத்த பரப்பி விடுற ரெண்டு டிஃப்யூஷன் துணி, கூடவே கட்டம் கட்டமா இருக்குற க்ரிட். ஆன்லைன்ல 5000 ரூபாய்க்குள்ள வந்துச்சு. லைட்டோட இத பூட்டுற வளையம் போவன்ஸ் மவுண்ட்தான், போவன்ஸ் கம்பெனி கொண்டு வந்தது. அந்த பிரிட்டிஷ் கம்பெனிய 2017லயே மூடிட்டாங்க, ஆனா கோடாக்ஸ், அபுச்சர்னு இப்ப வர்ற நிறைய லைட்டுல அந்த மவுண்ட்தான் இருக்கு, அதனால நாளைக்கு லைட்ட மாத்தினாலும் சாஃப்ட்பாக்ஸ் வீணா போகாது.

எல்லாரும் எத்தன வாட் லைட் வாங்கலாம்னுதான் கேக்கறாங்க. வீட்டு ரூமுக்கு 60 வாட் சிஓபி லைட்டே (எல்இடிகள ஒரே இடத்துல நெருக்கி வச்ச லைட்) போதும்ங்க, லென்ஸ் திறப்பு எஃப் 2.8ல, ஐஎஸ்ஓ (கேமராவோட வெளிச்ச உணர்திறன்) 800க்குள்ளயே முடிஞ்சிடும். காச போட வேண்டியது முன்னாடி மாட்டுற இதுல. வெறும் லைட்ட நேரா அடிச்சா மூக்கு நிழல் கத்தியால வெட்டின மாதிரி கன்னத்துல விழும், அதே லைட் இதுக்குள்ள போனதும் நிழலோட ஓரம் கரைஞ்சிடுது. ஆனா கிட்டக்க வைக்கணும், முகத்துலேந்து ஒரு மீட்டர்ல ஆரம்பிங்க. ரெண்டு மீட்டருக்கு தள்ளினா வெளிச்சம் கிட்டத்தட்ட கால் பங்கா குறையும், அத ஐஎஸ்ஓ ஏத்தி சமாளிச்சுக்கலாம், போன மென்மை மட்டும் திரும்பி வராது.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது கறுத்த முகங்கள இது காட்டுற விதம். நம்ம ஊர்ல கறுப்பா இருக்கறவங்கள எடுக்கும்போது எக்ஸ்போஷர, அதாவது படத்தோட வெளிச்சத்த, ஏத்தி ஏத்தி வெளுக்க வச்சிடறாங்க, அது அந்த மனுஷனோட முகமே இல்ல. கறுத்த தோலுக்கு அழகு அதுல விழுற மினுமினுப்புதான். சின்ன லைட்டுல அது வெள்ள வெள்ளயா புள்ளியா அடிக்கும், பெரிய சாஃப்ட்பாக்ஸ கிட்டக்க பக்கவாட்டுல வச்சா நெத்தி, கன்னத்து எலும்பு, தாடைனு மெதுவா பரவுது, எக்ஸ்போஷர ஏத்தாமலே சுருக்கம் வரைக்கும் தெரியுது, நெத்தில இருக்குற விபூதியும் வெள்ள வேட்டியும் வெளுத்து போகாம நிக்குது.

எங்க வைக்கறதுன்னா, கேள்வி கேக்கறவர் கேமராவுக்கு வலது பக்கம் உக்காந்தா லைட்டும் வலது பக்கம்தான், அவரையும் தாண்டி கொஞ்சம் வெளிய. அப்பதான் கேமரா பக்கம் இருக்குற கன்னத்துல நிழல் விழுந்து முகத்துக்கு ஒரு ஆழம் வரும். கண்ணாடி போட்டவங்கன்னா அதுல லைட் தெரியாத வரைக்கும் உயரத்த ஏத்துங்க, அப்பவும் தெரிஞ்சா கண்ணாடிக் காம்ப காதுகிட்ட லேசா தூக்கி வைக்க சொல்லுங்க. ட்யூப்லைட்ட அணைச்சிடணும், அது இருந்தா தோல் கலரே மாறிடும்.

குறைனு பாத்தா மாட்டறதுதான். எட்டு கம்பில கடைசி ரெண்ட வளைச்சு சொருக நல்லா தம் வேணும், ஒரே ஆளா போறவங்க குடை மாதிரி விரியுற மாடலுக்கு கொஞ்சம் அதிகமா காசு குடுத்துடலாம். முன்பக்கம் கனம் ஜாஸ்தி, ஸ்டாண்ட் கால்ல மணல் பை போடாம விடாதீங்க, கீழ உக்காந்திருக்கறது எழுபது எண்பது வயசு ஆளு.

அப்புறம் க்ரிட் கூட வருதான்னு பாத்து வாங்குங்க. சின்ன ரூம், நாலு பக்கமும் வெள்ள சுவர், க்ரிட் இல்லன்னா வெளிச்சம் எல்லாத்துலயும் பட்டு திரும்பி வந்து இருந்த நிழலையும் நிரப்பிடும். தனியா வாங்கினா பல சமயம் அளவு சரியா உக்காராது.