முயலுக்கு வேலிமசாலா, கம்பு நேப்பியரா?

கறி முயல் வளர்ப்பில் அடர்தீவனச் (தானியம், பிண்ணாக்கு கலந்த தீவனம்) செலவைக் குறைப்பது வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடிதான். புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பால் கொடுக்கும் தாய்க்கும் வளரும் குட்டிக்கும் முதலில் இதைத்தான் போடுவேன். விதைத்த 90ஆம் நாள் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒருமுறை.

ஆனால் முயலுக்குக் குடல் ஓட நார் வேண்டும். அது குறைந்தால் வயிறு ஊதும், கழியும். கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டி உருவாக்கிய கம்பு நேப்பியர் தீவனப்புல் அங்கே கைகொடுக்கிறது. விளைச்சலும் நாரும் அதிகம், புரதம் பாதிதான். முற்றவிட்டால் இலையை மட்டும் கடித்துவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும். கூண்டில் வெறும் குச்சிதான் மிஞ்சும். இளசாகவே அறுத்துவிடுங்கள்.

தண்ணீர் குறைந்த தோட்டத்தில் என் ஓட்டு வேலிமசாலுக்கே. நேப்பியர் வாய்க்கால் ஓரமாக நாலு வரிசை போதும். எதுவானாலும் பனி ஈரத்தோடு போடாமல், நிழலில் வாடவைத்துப் போடுங்கள்.