பால் வற்றவில்லை, பம்ப்தான் சரியில்லை

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிற அம்மாக்கள் யாராவது ப்ராவுக்குள் வைத்துத் தாய்ப்பால் எடுக்கும் ஹேண்ட்ஸ் ஃப்ரீ பம்ப் வாங்க யோசித்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 5,800 ரூபாய். அது போனால் போகட்டும், மூன்று வாரம் என் பாப்பாவுக்குப் போக வேண்டிய பால் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

26 வார விடுப்பு முடிய பத்து நாள் இருக்கும்போது இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரு பெண் காய் நறுக்கிக்கொண்டே பால் எடுக்கிறார், கையில் குழாய் இல்லை, ஒயர் இல்லை. ஆஸ்பத்திரி பம்புக்கு இணையான இழுவை என்று எழுதியிருந்தார்கள். முன்பணம் கட்டினால் 500 ரூபாய் குறைவு என்றதும் யுபிஐயில் அனுப்பிவிட்டேன், பில் கூடக் கேட்கவில்லை. பெட்டி வந்தபோது சீல் இல்லை, கப்பின் மடிப்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. தூசி என்று நினைத்துத் துடைத்தேன். அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். யாரோ பயன்படுத்தித் திருப்பியதைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று இப்போது நம்புகிறேன்.

முதல் வாரம் ஒரு தடவைக்கு 80 மில்லி வந்தது. அப்புறம் 60, அப்புறம் 30. காம்பு உரசி உரசிப் புண்ணாகிவிட்டது, குனிந்தால் பால் சட்டையில் வழிந்தது. அத்தை பாவம், தினமும் பூண்டுக் குழம்பு, பால் சுறா புட்டு என்று செய்து போட்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "உனக்குப் பால் வத்திப்போச்சும்மா, பவுடர் குடுத்துடு" என்றார். நானும் நம்பினேன். ராத்திரி அழுதுகொண்டே பவுடர் கலக்கினேன். மூன்றாவது வாரம் இடது மார்பில் பால் கட்டி, கல் மாதிரி ஆகி, காய்ச்சலும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காய்ச்சலைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, பம்பைப் பார்க்கப் பாலூட்டல் ஆலோசனை தரும் சிஸ்டரிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபிளேஞ்ச் என்ன சைஸ்?" மார்பில் பொருத்தும் அந்தப் புனல்தான் ஃபிளேஞ்ச். அதற்கு சைஸ் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. என் காம்பின் விட்டம் 17 மி.மீ., எனக்கு வந்த புனல் 27 மி.மீ. காம்போடு சுற்றியிருக்கும் கருவட்டமும் உள்ளே இழுபட்டுத்தான் அவ்வளவு புண். அடுத்து உள்ளே இருந்த சிறிய சிலிக்கான் வால்வை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அதன் வாய் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், என்னுடையது பிளந்து கிடந்தது. மோட்டார் சத்தம் போடும், ஆனால் இழுவை இருக்காது. மார்பில் பால் தங்கத் தங்க உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அங்கிருந்த பெரிய பம்பில், சரியான புனலோடு, 15 நிமிடத்தில் 110 மில்லி வந்தது. பாட்டிலைப் பார்த்து அங்கேயே அழுதுவிட்டேன்.

விற்றவர்களிடம் கேட்டால், "சுகாதாரப் பொருள், ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரே வரி. மறுநாள் பிளாக் செய்துவிட்டார்கள். 2020-ல் வந்த மின் வணிக நுகர்வோர் விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் யுபிஐ ரசீதும் சாட் ஸ்கிரீன்ஷாட்டும்தான் ஆதாரம். இன்னும் பதில் வரவில்லை.

வாங்குகிறவர்கள் முதலில் ஸ்கேல் வைத்துக் காம்பின் அடியில் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், கருவட்டத்தைச் சேர்க்காமல். அந்த அளவுக்குப் புனலோ, உள்ளே போடும் சிறிய வளையமோ கிடைக்குமா என்று கேளுங்கள். வால்வு தனியாகக் கிடைக்காத பம்பை வாங்கவே வாங்காதீர்கள், தினமும் பல தடவை பயன்படுத்தினால் அது ஒன்றிரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும். பால் மோட்டார் பக்கம் போகாதபடி நடுவில் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நாள் முழுக்கப் பம்பை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, பிளக்கில் போடும் இரட்டை பம்ப்தான் முதலில் வேண்டும், இந்தக் கையில்லா பம்ப் இரண்டாவதாக இருக்கட்டும் என்பது என் கருத்து.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்குப் பால் குறைகிற மாதிரி தோன்றினால், பவுடர் டப்பா வாங்குவதற்கு முன் அந்த வால்வை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.