நேரடி பி.எஸ்சி. நர்சிங்கா, டிப்ளமோ வழியாகப் பட்டமா?

பிளஸ் டூ முடித்துச் செவிலியராக விரும்பும் தமிழக மாணவர் நர்சிங் பட்டம் பெற இரண்டு வழிகள் உள்ளன. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் நேரடியாகச் சேர்வது ஒன்று, மூன்றாண்டு ஜி.என்.எம். (பொது செவிலியம், மகப்பேறு உதவி) டிப்ளமோவை முடித்துச் செவிலியராகப் பதிவு பெற்றபின், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிப்பது மற்றொன்று.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் பெற்றிருக்க வேண்டும், ஜி.என்.எம்.முக்கு 40 சதவீதம் போதும். தமிழக அரசின் கலந்தாய்வில் பி.எஸ்சி. இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. மத்திய அரசு மருத்துவ நிறுவனமான புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் மதிப்பெண் தேவை.

வார்டில் பி.எஸ்சி. படித்தவருக்கும் டிப்ளமோ படித்தவருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே பொறுப்பு. எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் அரசு செவிலியர் தேர்வையும் இரு தரப்பினரும் எழுதலாம். வேறுபாடு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கும் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர் பதிவு பெற்றதும் எழுதலாம். டிப்ளமோ முடித்தவருக்கோ குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். எம்.எஸ்சி. படித்துக் கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் பட்டம் இல்லாமல் முடியாது.

ஆகவே, அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் பி.எஸ்சி.யில் சேரலாம். 'முதலில் டிப்ளமோ, பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது கேட்க எளிதாக இருந்தாலும், சம்பளம் வீட்டுச் செலவுக்கு ஆதாரமாகிவிட்ட பின், வேலையை விட்டு இரண்டாண்டு முழுநேரம் படிக்கப் போவது பலருக்கு இயலாமல் போகிறது. மூன்றாண்டில் வருமானம் வந்தே ஆகவேண்டிய குடும்பத்துக்கு மட்டும் டிப்ளமோவே சரியான தேர்வு. அதில் குறைவு எதுவும் இல்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, பெருந்தொகை கடன் வாங்கி, நோயாளிகள் அதிகம் வராத மருத்துவமனையை நம்பி நடக்கும் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்வதைப் பற்றித்தான். அதைவிட, கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் படிக்கும் டிப்ளமோவே மேல் என்பது என் உறுதியான கருத்து. நரம்பு கிடைக்காத முதியவருக்கு மருந்து ஏற்ற ஐ.வி. லைன் போடுவதும், பிரசவ வலியில் இருப்பவரின் பார்ட்டோகிராஃபில் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடம்) கருப்பை வாய் விரிவைக் குறித்து, அந்தக் கோடு வரைபடத்தின் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டும்போது உடனே மருத்துவரை அழைப்பதும் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைவரும். செயல்முறைக் கூடத்துப் பொம்மையில் பழகிய கை, வார்டுக்குப் போனதும் தடுமாறும்.

எனவே கட்டணம் கட்டும் முன், கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, இல்லையென்றால் மாணவர்கள் எங்கே அனுப்பப்படுகிறார்கள் என்று கேளுங்கள். வேலைநாள் ஒன்றின் காலையில் அங்கே நேரில் போய், எத்தனை படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மாதத்துக்கு எத்தனை பிரசவம் நடக்கிறது, எத்தனை கல்லூரிகளின் மாணவர்கள் அவற்றைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். முடிந்தால் இறுதியாண்டு மாணவி ஒருவரிடம், அவர் தம் கையால் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.